மூலையில் ஒரு பச்சைக் கோடு

சலவைக்கூடத்தில் இஸ்திரி அக்கா விரிப்பின் நான்கு மூலைகளையும் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பிப் பார்த்துவிட்டு அதை மருமகளிடம் நீட்டினாள்.

"இதுல பச்சைக் கோடு இல்ல."

"நல்லாப் பாருங்கக்கா."

"நாலு மூலையும் பாத்துட்டேன். இது ஓட்டலோடது இல்ல. உங்க வீட்டோடது."

மருமகள் வாங்கிப் பார்த்தாள். ஓரத்தில் வெளுத்துப்போன டீக்கறை. அந்தக் கறை விழுந்த அன்று மாமியாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதுகூட அவளுக்கு ஞாபகம் இருந்தது. மாமியாரின் சொந்த விரிப்பு இது. காலையில் சவப்பெட்டிக்குள் விரிப்பதற்காக அவளேதான் வீட்டிலிருந்து எடுத்துவந்து, மடிக்கிற மேசையின்மேல் ஒரு நிமிஷம் வைத்தாள். அந்த மேசையில் வெள்ளையாக எதைக் கண்டாலும் இங்கே வேலை செய்கிறவர்களின் கை சும்மா இருக்காது. மடித்து அடுக்கில் சேர்த்துவிடும். பேசிக்கொண்டே, அழுதுகொண்டே, யாரோ மடித்திருக்கிறார்கள். அவளாகவே இருந்தாலும் ஆச்சரியமில்லை. வீட்டு விரிப்பு ஓட்டல் அடுக்குக்குள் போய்விட்டது. அப்படியானால் பெட்டிக்குள் போனது?

அவள் தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தாள். கூரைக்கு மேலேதான் ஆலயம். அங்கே, முன்வரிசை பெஞ்சுக்கு எதிரே, ஓட்டலின் விரிப்பின்மேல் அவளுடைய மாமியார் படுத்திருந்தார்.

மணி ஒன்றே முக்கால். இரண்டு மணிக்கு அடக்க ஆராதனை. நாலு மணிக்கு ஓட்டல் வேன்.

வேறு நாளாக இருந்தால் ஓட்டலுக்குப் போன் போட்டு, ஒன்று நாளைக்கு வரும் என்று சொல்லிச் சமாளித்திருக்கலாம். இப்போது அது நடக்காது. மாமியார் படுக்கையில் விழுந்த இந்த ஏழு மாதமாகத்தான் சலவைக்கூடம் மருமகளின் பொறுப்பில் இருந்தது. அதற்குள் இரண்டு தடவை துணி மாறிப்போய்விட்டது. மூன்றாவது தடவை மாறினால் வேலையை வெளியூர்க் கம்பெனிக்குக் கொடுத்துவிடுவதாக ஓட்டலின் புது மேனேஜர் கடிதமே அனுப்பியிருந்தார். அந்தக் கம்பெனியின் ஆள் வாரத்துக்கு ஒருமுறை ஓட்டல் வரவேற்பறையில் வந்து உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டுப் போகிறானாம். ஓட்டல் கைவிட்டால் பதினோரு பெண்களும் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் டயர் கம்பெனி மூடியபோது இந்தத் தெருவில் பாதி வீடுகளில் அடுப்பு எரியவில்லை. அப்போது சபையின் கமிட்டியிடம் போய், உடைந்த பெஞ்சுகள் கிடந்த இந்தக் கீழறையைக் கேட்டு வாங்கியவர் மாமியார். சபை இடம் கொடுத்தது, இரண்டு மிஷினும் வாங்கிக் கொடுத்தது. கமிட்டிப் பெரியவர் மட்டும் முறுக்கிக்கொண்டார். சபையைச் சேர்ந்த பெண்களுக்குத்தான் வேலை தர வேண்டும் என்றார். "துணி வெளுக்க ஞானஸ்நானச் சீட்டு எதுக்குங்க?" என்று மாமியார் கேட்டதைத் தெருவே நெடுநாள் சொல்லிச் சிரித்தது. கடைசியில் பெரியவர் ஒரே ஒரு நிபந்தனையோடு இறங்கிவந்தார்: மேலே ஆராதனை நடக்கும்போது கீழே மிஷின் ஓடக் கூடாது. மாமியார் ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொண்டதை ஒருநாள்கூட மீறியதில்லை.

மீறத் தெரியாத மனுஷி. விறைப்பான ஆள். அவர் காதில் விழாத தூரத்தில் எல்லோரும் அவரைக் கஞ்சியம்மா என்றுதான் சொல்வார்கள். மருமகளும் இரண்டொரு தடவை சொல்லியிருக்கிறாள்.

நேற்றுக் காலை அவர் மூச்சு நின்றபோது மருமகளுக்கு அழுகை வரவில்லை. அப்பாடா என்றிருந்தது. அவருக்கும் வலி விட்டது, தனக்கும் விட்டது. அதை யாரிடம் சொல்ல முடியும்? வாயை மூடிக்கொண்டு காரியங்களைப் பார்த்தாள்.

"போனாப் போகட்டும்டி" என்றாள் நெட்டை, கண்ணைத் துடைத்துக்கொண்டே. கூடத்திலேயே உயரமானவள், மிஷின் அவள் பொறுப்பு. "இத்தனை வருஷம் வெளுத்தாங்க. ஒண்ணு கொண்டுபோகட்டுமே."

"அத்தை அடுத்தவங்க பெட்ஷீட்டுல படுப்பாங்களா? நீங்களே சொல்லுங்க."

படுக்க மாட்டார். எழுந்து உட்கார்ந்து, யார் மடித்தது என்று கேட்பார்.

"ஓட்டலும் வேலையும் இருக்கட்டும்" என்றாள் மருமகள். "மொதல்ல அதை எடுக்கணும். எல்லாரும் மேல வாங்க."

போதகர் ஆலயத்துக்குப் பக்கத்து அறையில் வெள்ளை அங்கிக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். அவள் விஷயத்தைச் சொல்லி முடிக்கும்வரை மூன்றாவது பொத்தானிலேயே விரல் நின்றுவிட்டது.

"பெட்டிக்குள்ள இருக்கறதையாம்மா?"

"ஆமா பாஸ்டர். அதை எடுத்து மறுபடி துவைக்கணும். மிஷின் ஓடணும்."

போதகர் கதவிடுக்கு வழியாக ஆலயத்துக்குள் பார்த்தார். முன்வரிசையில் கமிட்டிப் பெரியவர் கைத்தடியை முழங்காலுக்கு நடுவே ஊன்றி உட்கார்ந்திருந்தார்.

"ஆராதனை நேரத்துலயா?"

"வேற நேரம் இல்ல. பிரசங்கத்தைக் கொஞ்சம் குறைச்சு, பாட்டைக் கூட்டினீங்கன்னா சத்தம் தெரியாது."

மேசைமேல் பிரசங்கம் இருந்தது. எட்டுத் தாள், இரண்டு பக்கமும் எழுதியது. போதகர் அதையும் பார்த்தார், அவளையும் பார்த்தார். பிறகு ஒரு பெருமூச்சோடு எட்டையும் நாலாக மடித்து அங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"எந்தப் பாட்டுல சத்தம் ஜாஸ்தி வருதுன்னு எனக்குத் தெரியும்" என்றார்.

அவர் உள்ளே போய், அம்மாவோடு வேலை செய்த சகோதரிகள் முதலில் வந்து பார்த்துக்கொள்ளட்டும் என்று அறிவித்தார். பதினோரு பேரும் வந்தார்கள். அவர்களில் பாதிப் பேர் கீழறைக்கு வந்துபோன இத்தனை வருஷத்தில் அந்த மாடிப்படி ஏறியதே இல்லை. எங்கே செருப்பைக் கழற்றுவது என்று தெரியாமல் விழித்துக்கொண்டு நின்றவர்கள், பெட்டியைச் சுற்றித் தோளோடு தோள் ஒட்டி நின்றார்கள். வெளியிலிருந்து பார்க்க முதுகுகள் மட்டுமே தெரிந்தன.

இது மருமகள் ஏழு மாதமாகத் தினம் இரண்டு தடவை செய்த வேலை. ஆளைப் பக்கவாட்டில் சரித்து, பழைய விரிப்பை முதுகுவரை சுருட்டி, புதியதை அதன் பக்கத்திலேயே சுருளாக வைத்து, மறுபக்கம் சரித்து இழுத்துவிட வேண்டும். பெட்டிக்குள் சரிக்க இடமில்லை. நெட்டை தோள்பக்கம் கையைக் கொடுத்தாள், இஸ்திரி அக்கா இடுப்பில், இன்னும் இருவர் காலில். நாலு விரல் உயரம் தூக்கினார்கள். மருமகள் ஓட்டல் விரிப்பை உருவினாள். டீக்கறை போட்டதை உள்ளே தள்ளி, குனிந்து மறுபக்கம் வாங்கினாள்.

"மூலைய இழுடி, சுருக்கம் முதுகுல உறுத்துது." ஏழு மாதமும் இந்தக் கட்டத்தில் மாமியார் வாயிலிருந்து இந்த வார்த்தை வரும். பேச்சுக் குழறிப்போன கடைசி வாரத்தில்கூட, மூலை என்பது மட்டும் தெளிவாக வந்தது. அவள் தன்னையறியாமல் அதற்காகக் காத்து நின்றாள். வரவில்லை. அவளே மூலையை இழுத்தாள். சுருக்கம் போகவில்லை. இன்னொரு தடவை இழுத்தாள். அப்போதுதான் நேற்றிலிருந்து வராத அழுகை வந்தது. நெட்டை அவள் முதுகில் ஒரு கையை வைத்துக்கொண்டே, மறு கையால் ஓட்டல் விரிப்பைத் துணிப்பைக்குள் திணித்துக்கொண்டு கீழே இறங்கிப் போனாள்.

முதல் பாட்டு பாதியில் இருக்கும்போது தரையில் ஓர் அதிர்வு வந்தது. செருப்பில்லாத காலுக்குத்தான் முதலில் தெரிந்தது. பாட்டு முடிந்ததும் எல்லோருக்கும் தெரிந்தது. அவள் புருஷன், அழுது சிவந்த கண்ணோடு பக்கத்தில் குனிந்தான்.

"என்ன சத்தம் அது?"

"உங்கம்மா வேலைதான். அப்புறம் சொல்றேன்."

போதகர் இரண்டு வசனம் படித்துவிட்டு அடுத்த பாட்டை அறிவித்தார். ஐந்து நிமிஷம் அம்மாவைப் பற்றிப் பேசினார், அதற்குள் இன்னொரு பாட்டு. ஜனங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இந்த மனுஷர் ஐந்து நிமிஷத்தில் நிறுத்தியதை அவர்கள் கண்டதே இல்லை. மூன்றாவது பாட்டுக்கு நடுவில் மிஷின் தண்ணீர் பிழியும் கட்டத்துக்கு வந்தது. பீடத்தின் மேலிருந்த பித்தளை மெழுகுவர்த்தித் தண்டுகள் கிணுகிணுவென்று ஆட ஆரம்பித்தன.

கமிட்டிப் பெரியவர் கைத்தடியால் தரையை ஒருமுறை தட்டினார். பிறகு மெல்லத் தலையைத் திருப்பி, வரிசையின் மறுமுனையில் இருந்த மருமகளைப் பார்த்தார். விரிப்பு கிடைத்தும் கீழறை பறிபோகும் போலிருந்தது. அவள் பார்வையைத் தாழ்த்தவில்லை. தாழ்த்தினால் அழுதுவிடுவாள் என்பதுதான் காரணம்.

பெரியவர் பெட்டியைப் பார்த்தார். ஆடுகிற மெழுகுவர்த்தித் தண்டைப் பார்த்தார். கைத்தடியை ஊன்றி எழுந்து நின்று, பாட்டின் அடுத்த சரணத்தை எடுத்துவிட்டார். சுருதிக்கும் அவருக்கும் எப்போதுமே ஆகாது. ஆனால் குரல் என்னவோ இடி மாதிரி. ஜனங்களும் எழுந்து அவரோடு சேர்ந்துகொண்டார்கள். அதற்குப் பிறகு கீழே மிஷின் ஓடுகிறதா நின்றுவிட்டதா என்று யாருக்கும் தெரியவில்லை.

ஆலயத்தின் பின்பக்கம்தான் கல்லறைத் தோட்டம். மூன்றே காலுக்கு இறக்கினார்கள். மண் போட்டு முடிந்ததும் பெரியவர் தடியை ஊன்றிக்கொண்டு அவளருகே வந்து நின்றார்.

"எத்தனை மணிக்கு வேன்?" என்று கேட்டார்.

"நாலுக்குங்க."

"அப்ப இங்க என்ன நிக்கறே? போ."

அவள் கீழே இறங்கியபோது இஸ்திரி அக்கா கடைசி மடிப்பை அழுத்திக்கொண்டிருந்தாள். வேன் வந்தது. ஓட்டல் ஆள் ஒவ்வொரு மூலையாகத் திருப்பி, பச்சைக் கோட்டைப் பார்த்துப் பார்த்து ஏற்றினான். அந்த ஒன்று வந்ததும் கையை எடுத்தான்.

"இது மட்டும் சூடா இருக்கு?"

"இப்பத்தான் தேய்ச்சது" என்றாள் மருமகள்.

அவன் அதையும் வைத்துக் கதவைச் சாத்தினான். "எல்லாம் சரியா இருக்கு. நாளைக்கும் இதே நேரத்துக்கு வர்றேன். என்ன, வெளியில ஒரே கூட்டம்? யாராச்சும் தவறிட்டாங்களா?"

"ஆமா. எங்க அத்தை."

அவன் தொப்பியைக் கழற்றி மார்போடு பிடித்துக்கொண்டான். பிறகு ஓட்டிக்கொண்டு போனான்.

பெண்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். நாளைக்கு ஏழு மணிக்கா என்று கேட்டாள் நெட்டை. நாளைக்கு ஏழுக்குத்தான் என்றாள் மருமகள். ஏழு மாதத்தில் முதல் தடவையாக நாளைக்கு என்ற சொல்லைப் பயமில்லாமல் சொன்னாள்.

எல்லோரும் போனபின் அவள் போனில் அலாரம் அடித்தது. நாலரை. மாமியாரைப் புரட்டிப் படுக்கவைக்கும் நேரம். வீட்டுக்குப் போக ஓர் அடி எடுத்துவைத்துவிட்டு, நின்று, அலாரத்தை அணைத்தாள். நாளைக்கும் அடிக்காதபடி எடுத்துவிட்டாள்.

மடிக்கிற மேசையின் தலைமாட்டில் மாமியாரின் நாற்காலி இருந்தது. அவர் படுக்கையில் விழுந்த பிறகும் அதில் யாரும் உட்கார்ந்ததில்லை. மருமகள் செருப்பைக் கழற்றிவிட்டு அதில் உட்கார்ந்தாள். அவள் நினைத்திருந்த அளவுக்கு அது உயரமில்லை. இரண்டு பாதமும் தரையில் நன்றாகப் பதிந்தன.