கைப்பிடி இல்லாத வாளி

…கைப்பிடி இல்லாமல், குப்புறக் கவிழ்ந்து, நாச்சக்கா வீட்டுத் துவைகல்லின் மேல் அந்த நீல வாளி கிடக்கிறது, அதன் முதுகில் ஒரு காக்கை வந்து உட்கார்ந்து யோசித்துவிட்டுப் போகிறது, சாந்தாமணி காபித் தம்ளரோடு தன் வீட்டு ஜன்னலில் நின்று தினமும் காலையில் அதைப் பார்க்கிறாள், பார்த்தும் பார்க்காமல்தான், கோர்ட்டுக்குக் கிளம்புகிற அவசரத்தில் பக்கத்து வீட்டு வாளி ஒரு பொருட்டா என்ன, ஆனால் எல்லாம் முடிந்துபோன இந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில், சாப்பிட்ட கிறக்கத்தில் கண்ணை மூடினால் முதலில் வந்து நிற்பது அந்த வாளிதான், அதற்குப் பின்னால்தான் மேகலா வருகிறாள், அவளுக்கும் பின்னால்தான் அந்த மாடிப்படி.

எங்கள் தெருவில் சாந்தாமணிக்குக் கோர்ட்டு டீச்சர் என்று பெயர், அவள் டீச்சரும் இல்லை வக்கீலும் இல்லை, அடிபட்டு வருகிறவர்களுக்கும் சாட்சி சொல்ல வருகிறவர்களுக்கும் மகளிர் நீதிமன்றத்தில் ஆலோசகர், அதென்னங்க வேலை என்று அவள் புருஷனை மளிகைக் கடையில் மடக்கிக் கேட்டதற்கு, பேச வர்றவங்களைப் பேச விடாம பாத்துக்கற வேலைங்க, எங்கிட்டயே அதைத்தான் செய்யுது என்று சொல்லிச் சிரித்தார் அந்த மனுஷன், நாங்களும் சும்மா விட்டுவிடவில்லை, பேப்பரில் வருகிற வழக்கையெல்லாம் எடுத்துப் போட்டு, அந்தப் புள்ள உங்க ஆபீசுக்குத்தான் வந்துச்சாமா என்று கொக்கி போட்டுப் பார்ப்போம், அவள் காய்க்காரர் கூடையைக் கிளறிக்கொண்டே, கறிவேப்பிலை இன்னிக்கு நல்லாயில்லீங்க என்று பதில் சொல்லிவிட்டுப் போய்விடுவாள், அப்படி ஒரு நெஞ்சழுத்தம். ஆனால் அவளுடைய வேலையே அதுதான், விசாரணைக்கு முதல் நாள் சாயங்காலம் கோர்ட்டு காலியான பிறகு சாட்சியைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவாள், இதுதான் நீங்க நிக்கிற கூண்டு, அங்கே நீதிபதியம்மா உக்காருவாங்க, டவாலி உங்க பேரைச் சத்தமாக் கூப்பிடுவாரு, அதட்டறார்னு நினைக்காதீங்க, அது அவர் தொண்டை, தெரியாததைக் கேட்டா தெரியாதுன்னு சொல்லுங்க, எதிர்க் கூண்டுப் பக்கம் பாக்காதீங்க, பாத்தா கை நடுங்கும், மேசை மேலே பேனா குத்தி வச்சிருக்கிற ஸ்டாண்டு இருக்குதில்ல, அதையே பாத்துக்கிட்டுப் பதில் சொல்லுங்க. இவ்வளவுதான் அவள் சொல்லலாம், நடந்தது என்ன என்று அவள் கேட்கவும் கூடாது, அவர்கள் சொல்லவும் கூடாது, சொல்லிவிட்டால் பிறகு வக்கீல் எழுந்து, இது சொல்லிக்கொடுத்த சாட்சி என்பார், அதனால் யாராவது வாயைத் திறந்து, அன்னிக்கு நானு என்று ஆரம்பித்ததும் அவள் வலது உள்ளங்கை தானாக எழும்பும், அதை நாளைக்குச் சொல்லுங்க, என்கிட்ட வேண்டாம். தாவணி முனையைக் கடித்துக் கடித்து நூலாக்கிய பெண் ஒருத்தி, தொப்பியை மடியில் வைத்துத் தடவிக்கொண்டேயிருந்த ஏ.டி.எம். காவலாளி ஒருவர், எல்லாரும் அந்த உள்ளங்கைக்கு முன்னால் வாயை மூடியவர்கள்தான், கனவிலும் வருகிறார்கள், தெருக் குழாயடியில் வரிசையாக நிற்கிறார்கள், ஆளுக்கொரு பாத்திரம், விளிம்பு தட்ட நிறைந்திருக்கிறது, ஒரு சொட்டும் சிந்தக்கூடாது, சாந்தாமணி வரிசையின் ஓரத்தில் நின்று, மெதுவா, மெதுவா என்கிறாள், அவள் கையில் மட்டும் பாத்திரமே இல்லை.

மேகலா எங்கள் தெருவுக்கு வாழ வந்தவள், எதிர்ச் சாரியில் மூன்றாவது வீடு, புருஷன் பெயர் நவநீதன், வாயைத் திறந்தால் அக்கா, அண்ணா என்று தேன் ஒழுகும், அந்தத் தேனில் எறும்பு மொய்ப்பது எங்களுக்கு அரசல் புரசலாகத் தெரியும், ராத்திரியில் பாத்திரம் விழும், காலையில் அவள் முழுக்கை ரவிக்கை போட்டு வந்து கோலம் போடுவாள், சித்திரை வெயிலில் முழுக்கை எதற்கு என்று நாங்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொள்வோம், அவளைக் கேட்கமாட்டோம். அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் மொட்டை மாடிக்குப் போகிற வெளிப்படிக்குக் கீழே கிடக்கிறாள், இடுப்பெலும்பு போய், பின்மண்டை அடிபட்டு, பிழைத்ததே அதிசயம், பிழைத்தாளே தவிர அந்த வாரமே அவளுக்கு நினைவில் இல்லை, யாரோ கிழித்து எடுத்த மாதிரி போய்விட்டது. வாளி நிறைய ஈரத்துணி தூக்கிட்டுக் காயப்போட ஏறுனா, வழுக்கிருச்சு என்று நவநீதன் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். போலீஸ் வந்து வீடு வீடாகக் கேட்டது, யார் வீட்டுக்கு எந்த நேரத்தில் எந்த ஆட்டோ வந்தது என்று சொல்லக்கூடிய தெரு இது, அன்றைக்கு மட்டும் ஒருத்தர் பூஜையில் இருந்தோம், ஒருத்தர் மாவு அரைத்துக்கொண்டிருந்தோம், மிக்சி சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. நாச்சக்காவும் அப்படிச் சொல்லியிருக்க வேண்டியதுதான், ஆனால் கேட்க வந்த ஏட்டு நல்லபடியாக உட்கார்ந்து மோர் வாங்கிக் குடித்தாரா, அப்புறம் என்று வேறு கேட்டாரா, அவ்வளவுதான், அப்புறம் என்று கேட்டவரிடம் நாச்சக்கா இதுவரை எதையும் மறைத்ததில்லை, சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்ததைச் சொல்லி, கீழே கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டாள்.

போட்ட பிறகுதான் வந்தது வினை, மகன் திருப்பூரில் வேலை பார்க்கிற பனியன் கம்பெனி நவநீதனுடைய மாமனுடையது, அம்மா நீ ஒண்ணும் பாக்கல, கண்ணு சரியாத் தெரியலைன்னு சொல்லு, என்ற சோத்துல மண்ண அள்ளிப் போட்றாத என்று போனில் அழுகிறான், தெருவில் நாங்களும் அவளிடம் அந்தப் பேச்சை வளர்ப்பதில்லை, அன்னிக்கு அந்த மேகலா புள்ள என்று அவள் தொடங்கினாலே எங்களுக்கு அடுப்பில் பால் பொங்கிவிடும், கேட்டவர்களும் சாட்சியாகிவிட்டால் என்ன செய்வது. இரண்டு வருஷம் இப்படி, ஊர் வாயெல்லாம் தன் வாயில் வைத்திருந்தவள், இந்த ஒன்றை மட்டும் யாரிடமும் இறக்கிவைக்க முடியாமல் சுமந்துகொண்டு திரிந்தாள், சம்மன் வந்தது, விசாரணைக்கு முதல் நாள் நேரே சாந்தாமணி வீட்டுக்குத்தான் வந்தாள். சாந்தாமணி அதற்குள், இது எங்கள் தெருக்காரம்மா, வேறு ஆளைப் போடுங்கள் என்று எழுதிக் கொடுத்திருந்தாள், வேறு ஆள் யார் இருக்கிறார்கள் என்று மேலே இருந்து கேட்டுவிட்டார்கள், ஆகவே ஜன்னலை ஒட்டி நாற்காலி போட்டு உட்கார வைத்து, கூண்டு, எதிர்க் கூண்டு, பேனா ஸ்டாண்டு என்று எல்லாருக்கும் சொல்வதைச் சொன்னாள். அம்மிணி, நா பாக்கலைன்னு சொல்லிப் போடலாம்னு இருக்கறன் என்றாள் நாச்சக்கா. பாக்கலைன்னா பாக்கலைன்னு சொல்லுங்க, பாத்திருந்தா பாத்தேன்னு சொல்லுங்க, எதைச் சொன்னாலும் மெதுவாச் சொல்லுங்க, டைப் அடிக்கணுமில்ல என்றாள் சாந்தாமணி. நாச்சக்காவுக்கு முகம் விழுந்துவிட்டது, ஏனம்மிணி, சொல்லுங்கக்கா, அந்தப் புள்ளைய நினைச்சுப் பாருங்கக்கான்னு ஒரு பேச்சுக் கெஞ்சுவீன்னு பாத்தனே. அது என் வேலையில்லைங்க்கா. சரி அது கெடக்குது, அன்னிக்கு என்ன நடந்துச்சு தெரியுமா, நா ரசத்துக்குத் தாளிச்சுட்டு நிமுந்து, என்று தொடங்கியதும் சாந்தாமணியின் உள்ளங்கை எழும்பிவிட்டது. நீயுமா என்று கேட்டுவிட்டு எழுந்து போனாள் நாச்சக்கா, போகிறவளைப் பார்த்துக்கொண்டு சாந்தாமணி ஜன்னலிலேயே நிற்கிறாள், துவைகல்லின் மேல் வாளி, வாளியின் மேல் காக்கை, நாளைக்கு இந்தக் கிழவி பார்க்கவில்லை என்று சொன்னால் மேகலா வழுக்கி விழுந்தவள் ஆகிவிடுவாள், அவளுக்கே நினைவில்லாத ஒன்றுக்கு வேறு யார் சாட்சி, ஒரு வார்த்தை கெஞ்சினால்தான் என்ன, இல்லை, கூடாது, ஆறிப்போன காபியை அவள் குடிக்கவில்லை, கொட்டவும் இல்லை.

கோர்ட்டில் நாச்சக்கா கல்யாணத்துக்குக் கட்டுகிற அரக்குச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள், கூண்டில் ஏறி நின்று பேனா ஸ்டாண்டைப் பார்த்தாள், பார்த்தவள் பார்த்தபடியே நின்றாள், பெயர் கேட்டார்கள், பேனா ஸ்டாண்டிடம் சொன்னாள், ஊர் கேட்டார்கள், அதனிடமே சொன்னாள், எதிர்க் கூண்டில் நிற்கிறவரைத் தெரியுமா, பார்த்துச் சொல்லுங்கம்மா என்று அரசு வக்கீல் கேட்டார், அவள் திரும்பவேயில்லை. அந்தப் பக்கம் திரும்புங்கம்மா. மாட்டனுங்க. ஏன். அங்க பாக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்குதுங்க. யாரும்மா சொன்னது. அதா, கடைசி பெஞ்சுல உக்காந்திருக்குதுங்களே, சாந்தாமணி, அதுதானுங்க. சாந்தாமணி இத்தனை வருஷமாக எத்தனை பேருக்குச் சொன்ன சொல், ஆளை அடையாளம் காட்டச் சொன்னால் அப்போது மட்டும் பாருங்கள் என்று மறக்காமல் சேர்த்துச் சொல்வாளே, நேற்று நாச்சக்காவை வாயை மூட வைக்கிற மும்முரத்தில் அதை விட்டுவிட்டாளே. எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்துவிட்டார், கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார், அம்மா, பதிவு செய்யுங்க, சாட்சிக்குச் சொல்லிக்கொடுத்திருக்காங்க, ஒரே தெருவு வேற, பாட்டியம்மா, பாக்காதேன்னு சொல்லிக்கொடுத்தவங்க இன்னும் என்னென்ன சொல்லிக்கொடுத்தாங்க, பயப்படாம சொல்லுங்க. நீதிபதியம்மா கண்ணாடிக்கு மேலாகக் கடைசி பெஞ்சைப் பார்க்கிறார், சாந்தாமணி எழுந்து நிற்கிறாள், வேலை போகும், அது போகட்டும், வழக்கும் போகும், அவள் வாயைத் திறப்பதற்குள் நாச்சக்கா முந்திக்கொண்டாள்.

சொல்லிக்குடுத்தாளா, அவளா, நல்லாக் கேட்டீங்க போங்க, வாயத் தொறந்தாலே போலீஸ்காரனாட்டம் கையக் காட்டறா, அவ ஒருத்திதானா, எங்க தெருவே கேக்க மாட்டீங்குதுங்க, என்ற மகன் கேக்க மாட்டீங்கறான், ரண்டு வருசமா நெஞ்சுக்குள்ள வச்சுட்டு நா செத்துட்டிருக்கறன், நீங்களாவது கேப்பீங்களா மாட்டீங்களா, என்று கேட்டுவிட்டு அவள் எதிர்க் கூண்டுப் பக்கம் முழு உடம்போடு திரும்பி நவநீதனைப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே சொன்னாள், ரசம் தாளித்தது, நிமிர்ந்தது, மேல்படியில் மேகலாவின் பின்னலை அவன் கையில் சுற்றிப் பிடித்திருந்தது, அவள் படி விளிம்பில் பின்பக்கமாகச் சாய்ந்து நின்றது, அவன் ஏதோ கேட்டது, அவள் தலையாட்டியது, அவன் கையை விரித்தது. தள்ளக்கூட இல்லீங்க, உட்டுட்டான் என்றாள். டைப் அடிக்கிற சத்தம் நின்று மறுபடி தொடங்கியது. வாளியோட துணி காயப்போடப் போனவங்க வழுக்கித்தானம்மா விழுந்தாங்க என்றார் எதிர்த்தரப்பு வக்கீல், குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. அப்போதுதான் நாச்சக்கா தடுமாறினாள், சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள், அது வந்துங்க, வாளி எங்கூட்டுல இருந்துச்சுங்க, மொத நாள் எரவல் வாங்கிட்டு வந்தேன், திருப்பிக் குடுக்கல, இன்னமும் எங்கூட்டுலதான் இருக்குது. வேற வாளி இருந்திருக்கும். இல்லீங்க, அந்தூட்டுல ஒரே வாளிதான், குளிக்கறக்கு டிரம்மு, அங்க எத்தன கரண்டின்னு கேளுங்க, அதையும் சொல்லறேன். இதை ஏன் போலீஸ்ல சொல்லலை. நாச்சக்கா தலையைக் குனிந்துகொண்டாள், ஏற்கனவே எரவல் வாங்கித் திருப்பிக் குடுக்க மாட்டாள்னு தெருவுல எனக்குப் பேருங்க, அதப் போயி எழுதிக் குடுக்கச் சொல்றீங்களா. எங்கள் தெருவின் சார்பில் நாங்கள் ஒன்றைச் சொல்லியாக வேண்டும், அந்தப் பேர் உண்மைதான், எங்கள் இட்லிக் குண்டாவும் அங்கேதான் இருக்கிறது.

அரசு வக்கீல் மனுப் போட்டு வாளியையும் வரவழைத்தார், ஒரு கான்ஸ்டபிள் அதை நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு எங்கள் தெரு வழியாகப் போனதை நாங்கள் எல்லாருமே பார்த்தோம், இதைப் பார்த்தோம் என்று எங்கு வேண்டுமானாலும் சொல்வோம். நவநீதன் உள்ளே போனான், நாச்சக்காவின் மகன் வேறு கம்பெனிக்குப் போனான், சம்பளம் குறைச்சல், அம்மாவோடு இன்னும் பேசுவதில்லை, அவள் பிரதோஷத்துக்குப் பிரதோஷம் அவன் பெயருக்கு அர்ச்சனை செய்கிறாள். சாந்தாமணியைக் கூப்பிட்டு விளக்கம் கேட்டார்கள், கொடுத்தாள், அவள் இப்போதெல்லாம் சாட்சிகளிடம் எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்வதில்லை, உங்களுக்கு எங்கே தோணுதோ அங்கே பாருங்க என்கிறாள். மழைக்காலம் முடிகிறபோது வாளி திரும்பி வந்தது, கைப்பிடி இருந்த இரண்டு ஓட்டைகளில் கோர்ட்டுக் கயிறு கோத்து, அதில் அரக்கு முத்திரை வைத்த ஓர் அட்டை, வாங்கி வந்த நாச்சக்கா நேரே சாந்தாமணி வீட்டு வாசலில் வந்து நின்றாள், கெளம்பு அம்மிணி, இதைக் குடுத்துட்டு வந்துரலாம், தனியாப் போக எனக்கு ஒரு மாதிரி இருக்குது.

தாராபுரம் ரோட்டில் மேகலாவின் அம்மா வீடு, மேகலா வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள், பக்கத்தில் வாக்கர், இளைத்துவிட்டாள், முடியைக் கத்தரித்திருக்கிறாள், வந்தவர்களைப் பார்த்துச் சிரித்தாள், அந்தச் சிரிப்பில் யாருக்கும் நன்றியோ வருத்தமோ இல்லை, அடுத்தவர் சொல்லித் தெரிந்துகொண்ட தன் கதையில் வந்த ஆட்களைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள், அவள் அம்மா காபி கலக்க உள்ளே போனார், நாச்சக்கா வாளியைத் தரையில் வைத்தாள், இந்தா கண்ணு உன்ற வாளி. மேகலா குனிந்து பார்த்தாள், கயிற்றைத் தொட்டாள், ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்தாள், அப்புறம் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு சொன்னாள், நா குடுக்கறப்ப இதுல கைப்பிடி இருந்துச்சுங்க்கா. உள்ளே தம்ளர் சத்தம் நின்றது. மணல் அள்ளறப்ப பிஞ்சு போச்சு கண்ணு என்றாள் நாச்சக்கா, அப்புறம்தான் அவளுக்கே உறைத்தது, வாளி கொடுத்தது மேகலாவின் நினைவிலிருந்து போன அந்த வாரத்தில், வியாழக்கிழமை. மேகலா அவளைப் பார்க்கவில்லை, வாளியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், பொடவைக்குக் கஞ்சி போடோணும்னு வாங்கிட்டுப் போனீங்க, நா வாசப்படியில நின்னு பாத்துட்டிருந்தேன், உள்ளயிருந்து அவரு, என்று நிறுத்தினாள். சாந்தாமணியின் உள்ளங்கை பழக்கத்தில் எழும்பியது, பாதியில் நின்றது, மெதுவாக இறங்கியது, அவள் நாற்காலியை விட்டுத் தரையில், மேகலாவின் காலடியில் உட்கார்ந்தாள், சொல்லு கண்ணு என்றாள், கேக்கறேன். இவ்வளவும் மேகலாவின் அம்மா சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும், அதற்கப்புறம் அந்தப் பெண் என்ன சொன்னாள் என்று நாச்சக்காவிடமே கேட்டுப் பார்த்தோம், பால் எதுவும் பொங்காத நேரமாகப் பார்த்துத்தான் கேட்டோம், அவள் காய்க்காரர் கூடையைக் கிளறிக்கொண்டே, கறிவேப்பிலை இன்னிக்கு நல்லாயில்லீங்க என்றாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் சாந்தாமணி கண்ணை மூடினால் மட்டும் வருகிறது, மூன்று பெண்களுக்கு நடுவில், கைப்பிடி இருந்த இடத்தில் கயிறு தொங்க, நிமிர்ந்து, வாய் திறந்து இருக்கிறது அந்த நீல வாளி…