வாங்க என்று சொல்லாத கடை

சவப்பெட்டிக் கடைக்கு ரோஸ் கலர் லைட் போட்ட குடும்பம் இந்தத் தாம்பரம் வட்டாரத்திலேயே எங்களுடையதாகத்தான் இருக்கும். சொல்லவே எனக்கு அசிங்கமாக இருக்கிறது. இருந்தாலும் சொல்கிறேன். என் அக்கா கிறிஸ்டியின் உயிர் அந்த லைட்டில் மாட்டிக்கொண்டது. சொல்லாமல் இருந்தால் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும்.

பெருங்களத்தூரிலிருந்து பீர்க்கன்கரணை ஏரிப் பக்கம் திரும்புகிற ரோட்டில் என் கணவர் தேவானந்தத்தின் கடை இருக்கிறது. அவருடைய அப்பா வேதசிரோமணி ஆரம்பித்த கடை. மாமனார் உயிரோடு இருந்தவரை அதற்கு முகப்பு என்று ஒன்றும் கிடையாது. சாம்பல் நிற ஷட்டர், அதுவும் பாதிதான் தூக்கியிருக்கும். பெட்டிகளெல்லாம் உள்ளே இருட்டில் சுவரோரமாக நிற்கும். தேவைப்படுகிறவன் விசாரித்துக்கொண்டு வருவான், மற்றவன் கண்ணில் அது படவே கூடாது என்பார். எதிரே ஆஸ்பத்திரி வந்த பிறகு ஷட்டரை இன்னும் ஒரு சாண் இறக்கிவிட்டார்.

கடைக்கு வருகிற யாரையும் அவர் ‘வாங்க’ என்று சொன்னதில்லை. சாவு வீட்டில் நாம் சொல்வதில்லை அல்லவா, அதே மாதிரிதான். எழுந்து நிற்பார். நாற்காலியை இழுத்துப் போடுவார். ஒரு டம்ளர் தண்ணீர் வைப்பார். அவர்கள் கிளம்பும்போது ‘போய்ட்டு வாங்க’ என்பதும் கிடையாது. தலையை மட்டும் ஆட்டிவிட்டு உள்ளே போய்விடுவார். வியாபாரம் ஒன்றும் படுத்துவிடவில்லை. நாங்கள் நன்றாகத்தான் சாப்பிட்டோம்.

இப்படி இருந்த கடையில் வந்து கால் வைத்தான் மெர்வின். என் நாத்தனார் மகன். மறைமலை நகரில் ஏதோ ஒரு கம்பெனிக்கு விளம்பரம் பார்க்கிற வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து பிரியாணி சாப்பிட வந்தவன், கையைக் கழுவிக்கொண்டே ஆரம்பித்தான்.

“மாமா, தப்பா நினைச்சுக்காதீங்க. கடையப் பார்த்தா மூடிட்டுப் போன பஞ்சர் கடை மாதிரி இருக்கு. இப்பல்லாம் ஃப்ரன்ட் எலிவேஷன்தான் மாமா பிசினஸே.”

“சாவுக்கு எதுக்குடா எலிவேஷன்?” என்றேன்.

“அத்தை, நீங்க சும்மா இருங்க.”

நான் சும்மா இருக்கிற ஜாதி இல்லை. ஆனால் என் வீட்டுக்காரர் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார். சாப்பிட்ட தட்டுகூட எடுக்கவில்லை, அதற்குள் மாமனும் மருமகனும் செல்போனில் படம் பார்க்க உட்கார்ந்துவிட்டார்கள்.

அப்புறம் நடந்த கூத்தை என்னவென்று சொல்ல! சாம்பல் ஷட்டர் போயிற்று. தங்க நிறத்தில் பளபளவென்று ஷீட் அடித்தார்கள். இந்தப் பக்கம் நகைக்கடைக்குக்கூட அப்படி இல்லை. வாசலின் இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் புல். முழு உயரத்துக்குக் கண்ணாடி. அதற்குப் பின்னால், பிறந்தநாள் கேக் வைக்கிற மாதிரி ஒரு சுற்றுகிற மேடை. அதன்மேல் வெள்ளை சாட்டின் தைத்த பெட்டி, மூடியைத் திறந்துகொண்டு மெதுவாகச் சுற்றுகிறது. மேலிருந்து ரோஸ் கலர் லைட். கடையின் நெற்றியில் ஓடுகிற எழுத்து: ‘இருபத்திநான்கு மணி நேர சேவை... டோர் டெலிவரி... வருக வருக...’ போதாததற்கு வாசலில் ஒரு மிஷின். யாராவது தாண்டினால் ஒரு பொம்பளைக் குரல், “நல்வரவு! மீண்டும் வருக!” என்று கொஞ்சும். கர்மம்!

லைட் மாட்டிய விக்கி ஏணியிலிருந்து இறங்கி இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தான். “இன்னாக்கா, சோக்கா கீதா? கல்யாண மண்டபம் கணக்கா பண்ணிக் குடுத்துட்டேன்,” என்றான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. சொன்னதைச் செய்தான்.

திறப்புக்கு ஜெபம் பண்ண எங்கள் சபை போதகர் வந்தார். கண்ணை மூடி, “ஆண்டவரே, இந்த வியாபாரத்தை...” என்று ஆரம்பித்தவர் அப்படியே நின்றுவிட்டார். பெருகப்பண்ணும் என்று எப்படிச் சொல்வார்? சபையில் பாதிப்பேர் கிழவர்கள், எல்லாரும் அங்கேதான் நிற்கிறார்கள். இரண்டு தடவை இருமினார். அப்புறம், “இந்தக் கட்டடத்தை ஆசீர்வதியும்” என்று சட்டென்று முடித்துவிட்டு, காப்பிகூடக் குடிக்காமல் ஸ்கூட்டரை எடுத்துவிட்டார். போகும்போது மிஷின் அவரிடமும் மீண்டும் வருக என்றது. எனக்கு அவமானத்தில் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மெர்வின் எல்லாவற்றையும் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான்.

பெட்டி வாங்கிப் போனவர்களுக்கு, ‘உங்கள் அனுபவம் எப்படி இருந்தது? ஐந்து ஸ்டார் கொடுங்கள்’ என்று போனில் மெசேஜ் வேறு அனுப்பினான். பெற்ற தாயைப் புதைத்துவிட்டு வந்தவன் அதைப் படித்தால் எப்படி இருக்கும்? சீ!

அந்தச் சமயத்தில்தான் கிறிஸ்டி அக்காவை எதிரே ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கூடுவாஞ்சேரியில் தனியாக இருந்தாள். பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியையாக இருந்து ரிட்டயர் ஆனவள். அத்தான் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. இதயத்தில் வால்வு கெட்டுவிட்டது, ஆபரேஷன் செய்தால் பிழைத்துக்கொள்வார், கொஞ்சம் தெம்பு வர வேண்டும், அவர் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார் டாக்டர். அக்காவும் சரியென்றுதான் சொல்லியிருந்தாள். இரண்டாவது மாடியில் ஜன்னலோரக் கட்டில் கிடைத்தது. காற்றோட்டமாக இருக்கும் என்று நானே கேட்டு வாங்கிய கட்டில்.

மறுநாள் சாயங்காலம் கஞ்சி எடுத்துக்கொண்டு போனேன். அக்கா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். சுவரெல்லாம் ரோஸ் வெளிச்சம்.

“ராணி, உங்க கடைதானே அது?”

“திரைய இழுத்து விடறேன்க்கா.”

“இழுத்தாலும் தெரியுது. பெட்டி சுத்திக்கிட்டே இருக்கு. வருக வருகன்னு எழுத்து ஓடுது. என்னைத்தான் கூப்பிடுற மாதிரி இருக்குடி.”

அவள் அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தேவலை. கஞ்சியை ஒரு வாய் வாங்கிவிட்டுத் தள்ளிவிட்டாள். அடுத்தடுத்த நாட்களில் அந்த ஒரு வாயும் இல்லை. ஆபரேஷன் வேண்டாம், என்னை விட்டுவிடு என்று ஆரம்பித்துவிட்டாள்.

நேரே கடைக்குப் போனேன். மிஷின் நல்வரவு சொன்னது. அதன் ஒயரைப் பிடுங்கி எறிந்துவிட்டு, “அந்த லைட்டை அணைங்க,” என்றேன்.

மெர்வின் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்கினான். “அத்தை, அது கஷ்டம். அந்த ஆங்கிளே ஆஸ்பத்திரி ஜன்னலைப் பார்த்துதான் வெச்சிருக்கு. பேஷண்ட்கூட இருக்கிற அட்டெண்டர்ஸ் எல்லாரும் ராத்திரி ஜன்னல்கிட்டதான் நிப்பாங்க. அவங்கதான் நம்ம டார்கெட்.”

தெரியாமல் செய்துவிட்டார்கள் என்றுதானே இத்தனை நாளும் நினைத்திருந்தேன்! உயிர் பிழைக்கப் படுத்திருக்கிறவர்களின் ஜன்னலைப் பார்த்து, அளவெடுத்துத் திருப்பி வைத்திருக்கிறார்கள். வாசலிலேயே காறித் துப்பினேன், அந்தப் பிளாஸ்டிக் புல்மேல்.

“உங்களுக்குத் தெரியுமா இது?” என்று என் வீட்டுக்காரரைக் கேட்டேன்.

அவர் பார்வை தரையில் இருந்தது. “எல்லாரும் பண்றதுதானே ராணி,” என்றார்.

“எல்லாருமா? எந்தப் பெட்டிக்காரன் பண்றான், காட்டுங்க பார்ப்போம்! அக்கா உங்க கண்ணு முன்னாடி செத்துக்கிட்டு இருக்கா. லைட் அணைஞ்சா கையெழுத்துப் போட வெக்கிறேன். அணைப்பீங்களா, மாட்டீங்களா?”

அணைத்தார். மனிதரில்லை என்று சொல்ல மாட்டேன். அவரே எழுந்துபோய் அணைத்தார். அக்கா ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குப் போகிறவரை போடமாட்டேன் என்று பைபிள்மேல் கை வைக்காத குறையாகச் சொன்னார். அன்று அக்காவின் சுவர் வெள்ளையாக இருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. இட்லி கேட்டாள். சட்னி காரம் போதவில்லை என்று என்னைத் திட்டினாள். நாளை மறுநாள் டாக்டர் வரும்போது கையெழுத்துப் போடுகிறேன் என்றாள். நர்ஸ் பெண் வினிதாகூட, “டீச்சர் இன்னைக்கு ஃபுல் ஃபார்ம்ல இருக்காங்க,” என்று சிரித்தாள்.

மறுநாள் சாயங்காலம் அக்காவுக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தேன். சீப்பு பிடித்த என் கை ரோஸ் நிறமாயிற்று.

நான் போனை எடுத்து என் வீட்டுக்காரரைக் கிழித்தேன். “ராணி, கேளு, நேத்து அணைச்சு வெச்சதுல வர வேண்டிய ஆளுங்க கடை லீவுன்னு நினைச்சு திரும்பிப் போய்ட்டாங்களாம். மெர்வின்தான் சொன்னான். கொஞ்ச நேரம்தான், அப்புறம் அணைச்சுடறேன்,” என்றார். கொஞ்ச நேரமாம்! நான் போனைக் கட்டிலில் போட்டுவிட்டு அக்காவைப் பார்த்தேன்.

“என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடு ராணி,” என்றாள்.

காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். வேறு வார்டு கேட்டேன். டாக்டர் வந்து பேசினார். அக்கா பிடித்த பிடியை விடவில்லை. தலைமை ஆசிரியை பிடிவாதம். ஆபரேஷனுக்குப் போட வேண்டிய கையெழுத்தை, தன் பொறுப்பில் வீட்டுக்குப் போகிறேன் என்று போட்டாள்.

அந்த லைட்தான் கொன்றது என்று நான் சொல்ல மாட்டேன். ஆபரேஷன் செய்திருந்தாலும் எதுவும் நடந்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். இருக்கட்டும். இட்லிக்குச் சட்னி காரம் பார்த்தவள் அவள். அதற்குமேல் எனக்கு ஒன்றும் தெரியாது. கூடுவாஞ்சேரி வீட்டில், ஒரு விடியற்காலையில், பால் காய்ச்சிக் கொண்டு போனபோது போய்விட்டிருந்தாள்.

அழுது முடித்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு நானே கிளம்பினேன். பெருங்களத்தூர் ஸ்டேஷனுக்குப் பின்னால், மரக்கடைக்குப் பக்கத்தில் சக்திவேல் என்று ஒருவர் பெட்டி செய்கிறார். தகரக் கூரை, போர்டு கிடையாது. பாதி ஷட்டர். என்னைப் பார்த்ததும் அவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. தேவானந்தம் மனைவி இங்கே எதற்கு என்று அவர் முகத்தில் கேள்வி வந்தது, வாயில் வரவில்லை. எழுந்து நின்றார். நாற்காலியை இழுத்துப் போட்டார். தண்ணீர் வைத்தார்.

“எவ்ளோ ஒசரம்மா?” என்று மட்டும் கேட்டார்.

என் தோள் உயரத்தில் கை வைத்துக் காட்டினேன். அப்போதுதான் எனக்கு மறுபடியும் அழுகை வந்தது. அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். கிளம்பும்போது தலையை மட்டும் ஆட்டினார்.

அக்காவைப் பெட்டியில் வைத்து, சபைக்காரர்கள் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தபோது வாசலில் எங்கள் கடை வேன் வந்து நின்றது. தங்க நிறத்தில் பெயர் போட்ட வேன். பின்னால், கண்ணாடிக்குள் சுற்றிக்கொண்டிருந்த அதே சாட்டின் பெட்டி. நம்ம அக்காவுக்கு இருக்கிறதிலேயே நல்லதாகக் கொடுப்போம் என்று இவர் மேடையிலிருந்து இறக்கிக்கொண்டு வந்திருக்கிறார். மெர்வின் வேனிலிருந்து இறங்கவே இல்லை.

என் வீட்டுக்காரர் கேட்டருகில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார். பலகைப் பெட்டியில் அக்கா படுத்திருந்ததைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்துவிட்டது.

“நம்ம கடை இருக்கும்போது வெளியில வாங்கியிருக்க?” என்று கிசுகிசுத்தார். “ஊரு என்ன சொல்லும் ராணி? ஏன் நம்ம கடைக்கு வரல?”

பாட்டு நடுவில் நின்றிருந்தது. எல்லார் காதிலும் விழட்டும் என்றுதான் சொன்னேன்.

“வந்தேங்க. முன்னாடி ரோட்டுல நின்னு பார்த்தேன். உள்ள வர அருவருப்பா இருந்துச்சு.”

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வரலாமா வேண்டாமா என்று தெரியாமல் வாசற்படியிலேயே நின்றார். சாவு வீட்டில் யாரும் யாரையும் வாங்க என்று சொல்வதில்லை. நானும் சொல்லவில்லை.