பதினாலாம் எண்ணுக்கு ஒரு கடிதம்

சனிக்கிழமை காலை எனக்கு ஒரு கடிதம் வந்தது. குவாரி லேனில் நான் வைத்திருக்கும் பதினாலாம் எண் தோட்டத்தில் முக்கால்வாசி களை மண்டிக் கிடக்கிறது, இருபத்தெட்டு நாளுக்குள் சீர்செய்யாவிட்டால் நிலம் திரும்ப எடுத்துக்கொள்ளப்படும் என்று எழுதியிருந்தது. கையில் டோஸ்ட்டை வைத்துக்கொண்டே படித்தேன். என்ன திமிர் பிடித்த எழுத்து என்று எனக்குக் கோபம் வந்தது. முப்பத்தொரு வருடமாக அந்த மண்ணைக் கொத்துகிறவனை ஒரு வார்த்தை நலம் விசாரிக்கக்கூடாதா? எவன் எழுதினான் என்று கீழே பார்த்தேன். க்ளிஃபர்ட் அக்ராய்ட், செயலாளர். நான்தான்.

இதில் மர்மம் ஒன்றும் இல்லை. குவாரி லேனில் நகராட்சி நிலத்தைத் துண்டுதுண்டாகக் குத்தகைக்கு எடுத்துக் காய்கறி போடுகிறவர்கள் நாங்கள். எங்கள் தோட்டங்களை வருடத்துக்கு இரண்டு முறை நாங்களே சோதனை போடுகிறோம். வேண்டியவர், வேண்டாதவர் என்ற பேச்சு வரக்கூடாது என்பதற்காகச் சோதனைத் தாளில் பெயர் எழுதுவதில்லை, எண் மட்டும்தான். கமிட்டியில் நாலு பேர் சுற்றிவந்து தாளை என்னிடம் கொடுப்பார்கள். நான் எண்ணைத் தட்டினால் கம்ப்யூட்டர் பெயரையும் விலாசத்தையும் போட்டுக் கடிதம் அடித்துத் தரும். அன்று ஆறு, பதினாலு, முப்பத்தொன்று என்று மூன்று எண்கள் இருந்தன. இருபத்திரண்டாம் எண்ணின் கோழிகள் பக்கத்துத் தோட்டத்துக் கீரையைத் தின்றுவிட்டதாக ஒருவர் போனில் முக்கால் மணி நேரம் அழுதுகொண்டிருந்தார். நான் உம் கொட்டிக்கொண்டே மூன்றையும் மடித்து உறையில் போட்டுத் தபாலில் சேர்த்துவிட்டேன்.

ஆறு வருடம் முன்பு நகராட்சி எங்களைக் கைகழுவியது. இனிமேல் நீங்களே நடத்திக்கொள்ளுங்கள் என்று சாவிக்கொத்தைக் கொடுத்தார்கள். எல்லோரும் கைதட்டினோம். 'நாமே' என்றால் நான் என்று அன்று எனக்குப் புரியவில்லை. கேட் பூட்டு, தண்ணீர்த் தொட்டி, எலி, யார் எப்போது குப்பை கொளுத்தலாம் என்ற தகராறு, நிலம் கேட்டுக் காத்திருக்கும் எண்பத்து மூன்று பேர் எல்லாம் என் தலையில் விழுந்தன. தினமும் குவாரி லேனுக்குப் போகிறேன். என் தோட்டத்தைத் தாண்டிப் போகிறேன், தாண்டி வருகிறேன், உள்ளே மட்டும் போவதில்லை.

கடிதத்தைப் படித்ததும் ஆர்னல்டின் முகம்தான் நினைவுக்கு வந்தது. ஒன்பதாம் எண்காரர். போன வருடம் முட்டியில் அறுவை சிகிச்சை. அவருக்கும் இதே கடிதத்தை அனுப்பினேன்.

"க்ளிஃப், ரெண்டு மாசம் பொறுத்துக்கப்பா. முட்டி மடங்க மாட்டேங்குது" என்றார் போனில்.

"எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா ரூல்னு ஒண்ணு இருக்கே" என்றேன்.

நிலம் போனதும் ஊன்றுகோலோடு வந்து தன் கொட்டகையைத் தானே பலகை பலகையாகப் பிரித்து எடுத்துப் போனார். இப்போது கறிக்கடையில் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். எனக்குத் தெரிந்துவிட்டது, ஒரு வருடம் தாமதமாக.

இருபத்தெட்டு நாளில் முயலாமல் இல்லை. அந்த நிலம் எனக்கு வேண்டும். என் வாழ்க்கையில் யாரும் போன் செய்து எதையும் கேட்காத ஒரே இடம் அதுதான். முதல் ஞாயிறு மண்வெட்டியோடு இறங்கி இரண்டு வரிசை கொத்தினேன். வெள்ளைப் பூப் பூக்கும் அந்தப் பாழாய்ப்போன கொடியின் வேர் இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. மூன்றாம் வரிசையில் கைவைத்தபோது கீழ்க்கோடியில் குழாய் வெடித்தது. மறு ஞாயிறு கேட் பூட்டில் யாரோ சாவியை உடைத்துவிட்டார்கள். அதற்கடுத்த ஞாயிறு நான் கொட்டகையில் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிப்போனேன். எங்களில் யாரும் அடுத்தவர் மண்ணில் மண்வெட்டி வைப்பதில்லை. யார் பெயரில் நிலமோ அவரே கொத்தவேண்டும் என்று விதியும் உண்டு. அந்த விதியை எழுதியது யார் என்று சொல்லவேண்டியதில்லை.

இருபத்தெட்டாம் நாள் மறுபடி பார்த்தார்கள். இரண்டு வரிசை தவிர எல்லாம் களைதான். அன்று சாயங்காலமே நாங்கள் கூட்டம் போடும் குடிலில் கமிட்டி கூடியது. பத்துப் பேர், ஒரு கெட்டில் டீ, ஒரு தட்டு பிஸ்கட்.

"இதெல்லாம் ஒரு விஷயமா? கடுதாசியக் கிழிச்சுப் போட்டுட்டு அடுத்த வேலையப் பாப்போம்" என்றார் தலைவர் பாசில்.

மூன்றாம் எண் மேவிஸ் கோப்பையைக் கீழே வைத்தாள். "ஆர்னல்டுக்கும் கிழிச்சிருக்கலாமே. அன்னைக்கு உங்க கையெல்லாம் எங்க போச்சு?"

அவள் சொன்னது நியாயம்.

"மேவிஸ் சொல்றது சரிதான். எழுதிக்கிறேன்" என்றேன். 'பதினாலாம் எண் திரும்ப எடுக்கப்பட்டது' என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதினேன். எழுதி முடிப்பதற்குள் யாராவது ஒருவர், சும்மா பேச்சுக்காவது, "இரு க்ளிஃப்" என்பார் என்று நினைத்தேன். எழுத்தைக் கொஞ்சம் மெதுவாகவேகூட எழுதினேன். வெட்கமாக இருந்தது.

அப்போதுதான் கமிட்டியில் இருந்த கெவின் விதிப்புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து முழித்தான். "நிலம் வச்சிருக்கவங்கதான் செகரட்டரியா இருக்கலாம்னு போட்டிருக்கே. அப்ப இனிமே க்ளிஃப் கிடையாதா?"

குடிலே கலங்கிப்போனது. செயலாளர் இல்லாவிட்டால் நகராட்சி ஒப்பந்தத்தை முறித்துவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

"நீ பண்ணேன்" என்றார் பாசில் கெவினிடம்.

"எனக்கு கம்ப்யூட்டர்னாலே அலர்ஜி. நீங்க பண்ணுங்க."

"எனக்கு ஷிஃப்ட் வேலை. மேவிஸ்?"

"என் வாய்க்கு ஒரே வாரத்துல எல்லாரும் ஓடிடுவாங்க."

பிறகு ஒவ்வொருவரும் பிஸ்கட்டை உற்றுப் பார்த்தார்கள். நான் சாவிக்கொத்தை மேசை நடுவே வைத்தேன். அது அங்கேயே கிடந்தது. நிலம் போன துக்கத்துக்கு நடுவிலும் நெஞ்சுக்குள் லேசாக ஒரு காற்று அடித்தது. நாளை ஞாயிறு. எட்டு மணி வரை தூங்கலாம்.

"ரூலை மாத்திருவோம்" என்றாள் மேவிஸ். "செகரட்டரிக்கு நிலம் இருக்கணும்னு கட்டாயமில்லன்னு போட்டுட்டாப் போச்சு. க்ளிஃப் மாதிரி ஒருத்தர் நமக்குக் கிடைப்பாரா?"

"கிடைக்கவே மாட்டாரு" என்றார் பாசில். பொய்யில்லை, அவர்களுக்கு என்மேல் உண்மையாகவே பிரியம் உண்டு.

ஆர்னல்டின் முட்டிக்கும் என் முப்பத்தொரு வருடத்துக்கும் மாறாத விதிப்புத்தகம் ஒரு நிமிடத்தில் மாறியது. கைகள் உயர்ந்தன. கைகளை எண்ணுவது செயலாளர் வேலை என்பதால் நானே எண்ணினேன். ஒன்பது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பார்கள், விளக்கவேண்டும், சமாதானப்படுத்துவார்கள், இன்னொரு கெட்டில் டீ போடுவார்கள். அதற்கெல்லாம் எனக்குத் தெம்பில்லை. கையைத் தூக்குவது அதைவிடச் சுலபமாக இருந்தது.

தூக்கினேன். பிறகு இறக்கி, பேனாவை எடுத்து, 'ஏகமனதாக நிறைவேறியது' என்று எழுதினேன்.