மான் வேட்டை நாளில் ஒரு கூட்டம்

நீதிமன்றக் கட்டட வாசலில் 'கமிஷனர்களுக்கு மட்டும்' என்று போர்டு மாட்டிய இடத்திலேயே வெர்னா வேனை நிறுத்தினாள். யார் வந்து கேட்கிறார்கள் பார்க்கலாம்!

பின்னால் ஏழு பேர். அதில் ஒருவன் அவள் மகன் கார்லி. எல்லாரும் வலி மாத்திரைப் போதையிலிருந்து மீண்டுகொண்டிருப்பவர்கள். தினமும் விடியுமுன் இதே வேனில் அறுபது மைல் மலைப்பாதையில் போய், கிளினிக்கில் போதை ஆசையை அடக்கும் அன்றைய மருந்தைக் குடித்துவிட்டுத் திரும்புகிறவர்கள். ஒருநாள் அது தவறினால் என்ன ஆகும் என்று, போன வருடம் குளியலறைக் கதவை உடைத்து, மூச்சில்லாமல் கிடந்த கார்லியை வெளியே இழுத்தபோது வெர்னா தெரிந்துகொண்டாள். இப்போது வேனின் கியர் பெட்டி இன்றோ நாளையோ என்று முனகிக்கொண்டிருந்தது.

இந்தப் போதைக்குக் காரணமென்று போட்ட வழக்கை முடித்துக்கொள்ள மாத்திரைக் கம்பெனிகள் கொடுத்த பணத்தில் அவர்கள் கவுண்டியின், அதாவது மாவட்டத்தின், பங்கு நாலு லட்சம் டாலர். அதில் ஒரு புது வேன் கேட்டு, கவுண்டியை நிர்வகிக்கும் கமிஷனர்களுக்கு மூன்று மனு கொடுத்தாள். பதிலே இல்லை. போன வாரம், கமிஷன் கூடும் இந்த நீதிமன்றக் கட்டடத்தின் கதவில் ஒரு காகிதம் தொங்கியது. அந்தப் பணத்தில் கவுண்டி போலீஸ் தலைவர் ஷெரீப்புக்கு ஆறு ரோந்துக் கார் வாங்கத் திட்டம். பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம். திங்கள் காலை ஒன்பது மணி.

எந்தத் திங்கள்? மான் வேட்டை தொடங்கும் திங்கள்! மேற்கு வர்ஜீனியாவில் பள்ளிக்கூடத்துக்கே லீவு விடுகிற நாள்.

உள்ளே கமிஷன் தலைவர் டாலஸ் டிரிப்பெட் தன் ஆரஞ்சு வேட்டைத் தொப்பியை மேசைக்கு அடியில் தள்ளினார். வெர்னாவோடு ஒரே வகுப்பில் படித்தவர்.

"என்ன வெர்னா, படையோட வந்திருக்கே?"

"யாரும் வர மாட்டாங்கன்னுதானே இந்த நாளைப் பார்த்து வச்சே?"

"சட்டப்படி நோட்டீஸ் ஒட்டியாச்சும்மா."

"ஊரே காட்டுல இருக்கு. அங்க ஒட்டியிருந்தா மானாவது படிச்சிருக்கும்!"

டிரிப்பெட் சுத்தியலைத் தட்டினார். "ஆளுக்கு மூணு நிமிஷம். அப்புறம் ஓட்டெடுப்பு."

குமாஸ்தா ஓலீட்டா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். "யாரு சார் ஓட்டுப் போடுறது?"

டிரிப்பெட்டுக்கு இருபுறமும் நாற்காலிகள் காலி. மூன்று கமிஷனர்களில் இருவராவது இருந்தால்தான் ஓட்டெடுப்பு செல்லும்.

"ஒரு மணி நேரம் மரத்து மேல உட்கார்ந்து மானுக்குக் குறி பார்த்துட்டு வந்துடறோம்னாங்களே..." டிரிப்பெட் போனை எடுத்தார். மலை இடுக்கில் ஏது சிக்னல்? மறுபடியும் போட்டார். ஊரை ஏமாற்ற நாள் பார்த்தவர்கள், தங்கள் கையும் துப்பாக்கிக்கு அரிக்கும் என்பதை மறந்துவிட்டார்கள்.

கார்லி சிரித்துவிட்டான். வெர்னாவுக்குச் சிரிப்பு வரவில்லை. எழுந்தாள்.

"என் மகன் இந்தக் கருமத்தைத் தெருவுலயா வாங்கினான்? சுரங்கத்துல முதுகு போச்சு, டாக்டர் எழுதிக் குடுத்தாரு. எங்க தெருவுல மட்டும் அஞ்சு சாவு. அவங்களைக் காட்டி வாங்கின பணம் இது, டாலஸ்! அதுல கார் வாங்கி, மிச்சம் இருக்கறவங்களைத் துரத்தப் போறியா?"

ஏழு பேரும் ஆளுக்கு மூன்று நிமிடம் பேசினார்கள். ஓலீட்டா ஒரு சொல் விடாமல் எழுதினாள். நாற்காலிகள் காலியாகவே இருந்தன.

"சரி, ஓட்டெடுப்பு அடுத்த திங்கள் காலை," என்றார் டிரிப்பெட்.

"சாயங்காலம் ஏழு மணி. தீயணைப்பு நிலைய ஹால். எல்லாரும் காட்டுலேர்ந்து திரும்பின பிறகு," என்றாள் வெர்னா.

"அதை முடிவு பண்ண நீ யாரு?"

ஓலீட்டா பேனாவைத் தூக்கினாள். "சார், இன்னிக்கு ஏன் ஓட்டெடுப்பு நடக்கலைன்னு குறிப்புல காரணம் எழுதணும். மான் வேட்டைன்னே எழுதிடவா?"

டிரிப்பெட்டின் காது சிவந்தது. "ஏழு மணின்னே போட்டுத் தொலை."

வெர்னா புது நோட்டீஸை நாற்பது பிரதி எடுத்துக்கொண்டாள். வேன் முனகியபடியே வேட்டைக்காரர்கள் கொண்டுவரும் மானை வெட்டிக் கொடுக்கும் கடைக்குப் போய்ச் சேர்ந்தது. வாசலில் வண்டிகளின் நீண்ட வரிசை; அதில் காணாமல் போன கமிஷனர்கள் இருவரும், ஆளுக்கொரு மானோடு.

எடைத் தராசுக்கு மேலே முதல் காகிதத்தை ஒட்டிவிட்டு, அவர்கள் கையில் ஆளுக்கொன்று திணித்தாள்.

"இந்தத் தடவை வந்து சேருங்க," என்றாள். "ஊரே வரப்போகுது."