டிரைவர் மாமாவின் தண்ணீர்ப் பரீட்சை

சொந்தபந்தத்தில் யார் கார் வாங்குவதாக இருந்தாலும் டிரைவர் மாமா வந்து ஓட்டிப் பார்த்து ‘சரி’ என்று சொன்னால்தான் சாவி கைமாறும். அதில் அவருக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. ஆயுசில் பாதியை நகரப் பேருந்தின் ஸ்டியரிங்கோடு கழித்து, வண்டியில் ஒரு கீறல்கூட விழாமல் ஓய்வு பெற்றவர். தன் பேருந்தில் நின்றுகொண்டு வருகிறவர்கள் கம்பியைப் பிடிக்கவே வேண்டியதில்லை என்று அவரே சொல்லிக்கொள்வார். இல்லை என்று மறுத்துச் சொல்ல இதுவரை எந்தப் பயணியும் வீடு தேடி வரவில்லை.

அவர் வண்டி பார்க்கும் விதமே தனி. டயரை உதைப்பதும் கதவை அடித்துச் சாத்துவதும் சும்மா ஒரு பந்தாவுக்கு. நிஜமான பரீட்சை தண்ணீரில்தான். எவர்சில்வர் தம்ளரில் விளிம்புவரை தண்ணீர் நிரப்பி, மனைவியின் கையில் கொடுத்துப் பின் சீட்டில் உட்காரவைப்பார். இவர் ஓட்டுவார். ஒரு சுற்று சுற்றி வரும்வரை தண்ணீர் சிந்தாமல் இருந்தால் வண்டி பாஸ். இறங்கியதும் தம்ளரை வாங்கி ஒரே மடக்கில் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, “எடுத்துக்கலாம்” என்பார். ஓட்டியவர்தான் குடிக்க வேண்டும் என்பது அவரே போட்ட சட்டம். இதுவரை வேறு யாரும் ஓட்டியதில்லை என்பதால் வேறு யாரும் குடித்ததும் இல்லை.

சிந்தினால் ஃபெயில். அப்படி ஃபெயிலான வண்டிகளெல்லாம் அத்தையின் புடவையில்தான் ஃபெயிலாயின. ஊருக்கே அவர் மாமா என்றால் அவர் மனைவி அத்தைதானே! “உங்க அண்ணன் மகன் கார் வாங்கினா எனக்கு எதுக்குங்க ஜலதோஷம்?” என்று அத்தை எத்தனையோ முறை கேட்டுவிட்டாள். கேட்டாலும், கார் பார்க்கக் கிளம்பும்போது மறக்காமல் தம்ளரை எடுத்துப் பைக்குள் வைப்பவளும் அவள்தான்.

இந்தத் தடவை வாங்கப்போவது சொந்த மகள். சின்னவள் பிசியோதெரபிஸ்ட். எலும்பு முறிந்தவர்கள், ஆபரேஷன் ஆனவர்கள் என்று வீடு வீடாகப் போய், படுத்திருப்பவர்களை எழுப்பி நடக்கவைக்கிற வேலை. அதற்கு ஒரு மடக்குக் கட்டிலையும் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும். வெள்ளைப் பூசணி மாதிரி இருக்கிற ஒரு சின்ன எலெக்ட்ரிக் காரை அவளுக்குப் பிடித்துப்போயிற்று. இதே மாடலை அவ்வப்போது வாடகைக்கு எடுத்து, தன் வழக்கமான சுற்றையெல்லாம் ஓட்டிப் பார்த்துவிட்டாள். நாள் முழுக்கச் சுற்றியும் சார்ஜ் பாதிக்கு மேல் மிச்சம் இருந்ததாம். எல்லாம் பார்த்தவள் கடைசியில் அப்பாவிடம் வந்து நின்றாள்.

“நீங்க வந்து ஓட்டிப் பாருங்கப்பா. நீங்க சரின்னா எடுக்கறேன். வேணாம்னா விட்டுடறேன்.”

மாமாவுக்கு அன்று முழுக்கச் சாப்பாடு இறங்கவில்லை. இன்ஜின் சத்தத்தை வைத்து வண்டியின் ஜாதகத்தையே சொல்கிறவர் அவர். சத்தமே இல்லாத வண்டியைப் பற்றி என்னத்தைச் சொல்வது? தெரியாது என்று சொன்னால் இத்தனை வருஷப் பேர் போய்விடும். தெரிந்ததுபோலத் தலையாட்டினால் மகளின் உழைப்பை வைத்துச் சூதாடியதாகிவிடும். இரண்டும் அவருக்குப் பிடிக்கவில்லை. இருந்தாலும் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு கிளம்பினார்.

ஷோரூமில் விற்பனைப் பெண் பானெட்டைத் திறந்து காட்டினாள். மாமா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். ஒரு கறுப்புப் பெட்டி, ஆரஞ்சு நிறத்தில் தடித்த வயர்கள், கண்ணாடி துடைக்கத் தண்ணீர் ஊற்றும் டப்பா. அவருக்கு அடையாளம் தெரிந்தது அந்த டப்பா ஒன்றுதான்.

“ம்… டப்பா பெருசாவே இருக்கு,” என்றார்.

சின்னவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு பின்கதவைத் திறந்தாள். மடக்குக் கட்டிலைக் கையோடு கொண்டுவந்திருந்தாள். நீளவாக்கில் போகவில்லை, குறுக்கேயும் போகவில்லை. பின் சீட்டில் பாதியை மடக்கிவிட்டுச் செருகியதும் அளவெடுத்துச் செய்ததுபோல உட்கார்ந்துகொண்டது. மிச்சப் பாதியில் அத்தை தம்ளரோடு ஏறினாள். விற்பனைப் பெண் அந்தத் தம்ளரைப் பார்த்தாள். கேட்கலாமா வேண்டாமா என்று யோசித்தவள், கேட்காமல் வாசல் படியிலேயே நின்றுகொண்டாள். சின்னவள் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“கிளட்ச் கிடையாதுப்பா. ரெண்டே பெடல். வலது கால் மட்டும்தான் வேலை செய்யணும். இடது காலுக்கு லீவு குடுத்துடுங்க.”

“எனக்கே சொல்றியா?” என்றார் மாமா.

வண்டி வழுக்கிக்கொண்டு கிளம்பியது. எடுத்த எடுப்பிலேயே அவருக்குப் பிடித்துவிட்டது. ஷோரூம் முற்றத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். தம்ளரில் சின்ன அலைகூட இல்லை. முகத்தில் பழைய களை வந்தது. வெளிவாசலை நெருங்கும்போது, தெருவில் ஒரு லாரி போவதைப் பார்த்து வேகத்தைக் குறைக்க நினைத்தார். நினைத்தது அவர்தான். முந்திக்கொண்டது இடது கால். ஆயுசு முழுக்கக் கிளட்சை மிதித்த கால் அது. கிளட்ச் இருக்க வேண்டிய இடத்தைத் தேடிப் பாய்ந்து, அகலமான பிரேக் பெடலை முழு பலத்தோடு அழுத்தியது.

வண்டி ஆணி அடித்ததுபோல நின்றது. மூன்று பேர் தலையும் ஒன்றாக முன்னால் போய் ஒன்றாகத் திரும்பி வந்தன. தம்ளரில் ஒரு சொட்டு மிச்சமில்லை.

“நான் குளிச்சுட்டுத்தாங்க கிளம்பினேன்,” என்றாள் அத்தை பின்னாலிருந்து.

விற்பனைப் பெண் ஓடிவந்தாள். “பிரேக் கொஞ்சம் வேகமா பிடிக்கும் சார். நிறைய பேர் சொல்லியிருக்காங்க. வண்டியோட குணம் அப்படி.”

நல்ல வாய்ப்பு. ‘ஆமாம், பிரேக் சரியில்லை’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். சட்டப்படி வண்டி ஃபெயில், மாமாவின் பேரும் பத்திரம். சின்னவளும் சொன்ன சொல் மாறாமல் வேறு வண்டி தேடப் போய்விடுவாள். மாமா ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். காது மடல்கள் சூடாகிவிட்டன. மகள் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பது அவருக்குத் தெரிந்தது.

“வண்டி மேல தப்பு இல்லம்மா,” என்றார் விற்பனைப் பெண்ணிடம். “என் இடது கால் மேலதான் தப்பு. தம்ளர்ல மறுபடியும் தண்ணி ரொப்பித் தாங்க. இந்தத் தடவை அவ ஓட்டட்டும்.”

அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தாள். மனுஷர் தம்ளர் பரீட்சையில் ஸ்டியரிங்கை விட்டுக்கொடுத்ததை அவள் கண்டதில்லை.

இன்னொரு சிக்கலும் இருந்தது. “பின்னாடி உட்கார்ந்தா முட்டி மேல ஏறி நிக்குதுடி, வலிக்குது,” என்றாள் அத்தை. பேட்டரி தரைக்கு அடியில் இருப்பதால் பின்பக்கத் தரை உயரம், மூட்டு வலிக்காரர்களுக்கு அது ஆகாது என்று சின்னவள் சொன்னாள். ஆகவே அத்தை முன் சீட்டுக்கு வந்தாள். மாமா பின்னால் போனார். ஒரு தோளில் மடக்குக் கட்டில் இடிக்க, முட்டி கிட்டத்தட்ட தாடையைத் தொட, மடியில் அத்தையின் கைப்பையோடு டிரைவர் மாமா உட்கார்ந்திருந்த காட்சியை அண்ணன் மகன் மட்டும் பார்த்திருந்தால் சாகும்வரை சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பான்.

சின்னவள் கண்ணாடியைச் சரிசெய்தாள். திரையில் எதையோ தொட்டாள். “காலை எடுத்தாலே வண்டி தானா இழுத்துப் பிடிக்கும்பா. அதை நல்லா குறைச்சு வெச்சிருக்கேன்,” என்றபடி கிளம்பினாள்.

கடைத்தெருவில் நுழைந்து, பள்ளிக்கூடத்துக்கு முன்னாலிருந்த வேகத்தடையில் ஏறி இறங்கி, மேம்பாலத்தின் ஏற்றத்தில் நெரிசலுக்கு நடுவே நின்று நின்று போனாள். மாமா சாலையைப் பார்க்கவில்லை. தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் இந்தப் பக்கம் கொஞ்சம் சாய்ந்தது, அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்ந்தது, அவ்வளவுதான். பாலம் இறங்கி முடிகிற இடத்தில் ஒரு ஸ்கூட்டர்காரர் திடீரென்று குறுக்கே புகுந்தார். பின் சீட்டில் மாமாவின் இடது கால் தரையை ஓங்கி மிதித்தது. சின்னவள் காலை லேசாக எடுத்தாள், அப்புறம் பிரேக்கைத் தொட்டாள், வண்டி நிற்கப்போகிற கடைசி நொடியில் அழுத்தத்தை ஒரு துளி விட்டுக்கொடுத்தாள். தண்ணீர் விளிம்புவரை எழும்பி வந்தது. எழும்பி, அப்படியே அடங்கியது. அத்தையின் விரல்கூட நனையவில்லை.

அந்தக் கடைசி நொடியில் விட்டுக்கொடுப்பது! மாமா அதை யாருக்கும் சொன்னதில்லை. இவளுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கப்போய் முதல் நாளே சண்டை வந்து, இவள் கோபித்துக்கொண்டு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்துவிட்டாள்.

“இப்படி நிறுத்த யார்கிட்ட கத்துக்கிட்ட?” என்று கேட்டார்.

“யாருமில்லப்பா. இடுப்பு ஆபரேஷன் ஆனவங்களைச் சில நாள் வாடகை வண்டியில கூட்டிட்டுப் போவேன். ஒரு குலுக்கல் போதும், அவங்களுக்கு உயிரே போயிடும். வலிக்காம எப்படி நிறுத்தறதுன்னு அவங்க முகத்தைப் பாத்துப் பாத்து நானா பழகினேன்.”

மாமா கம்பி பிடிக்காத பயணிகளை வைத்துப் பெருமையடித்துக்கொண்டிருந்தார். மகளோ பிடிக்கவே முடியாதவர்களை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறாள், வீட்டில் ஒரு வார்த்தை சொல்லாமல். நெஞ்சு நிறைந்துபோய் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“அப்பனைப் போலவே ஓட்டறா பாத்தியா?” என்றார், கொஞ்ச தூரம் போனதும்.

“ஓட்டுறது வேணா உங்களை மாதிரி இருக்கலாம். இந்தப் பொறுமை என்னோடது,” என்றாள் அத்தை.

ஷோரூம் வாசலில் வண்டி நின்றது. மாமா கட்டிலோடு மல்லுக்கட்டி ஒருவழியாக இறங்கினார். சட்டையின் இஸ்திரி போன இடம் தெரியவில்லை. விற்பனைப் பெண் காத்துக்கொண்டிருந்தாள்.

“பின்சீட்டு பெரியவங்களுக்கு ஆகாது. குடும்பத்தோட வெளியூர் போறதுன்னா சாமானுக்கு இடம் போதாது,” என்றார் மாமா உரத்த குரலில். குறை சொல்லாமல் ஒரு வண்டியை விடுவது அவர் மரபில் இல்லை. சின்னவளின் முகம் லேசாகச் சுருங்கியது. அவள் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தாள்.

அத்தை வழக்கம்போலத் தம்ளரை அவரிடம் நீட்டினாள். மாமா இரண்டு கையாலும் வாங்கினார். வாயருகே கொண்டுபோகவில்லை. சிந்தாமல் நடந்துபோய் மகளிடம் கொடுத்தார்.

“ஓட்டினவங்கதான் குடிக்கணும். அதான் சட்டம்.”

சின்னவள் அப்பாவையும் தம்ளரையும் மாறி மாறிப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது. வாங்கி, பாதித் தண்ணீரை மடமடவென்று குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு, அவரைப் போலவே குரலைக் கனமாக்கி, “எடுத்துக்கலாம்” என்றாள்.

“இத்தனை வருஷமா தூக்கிச் சுமக்கறவ நான். எனக்கு ஒரு வாய் கிடையாதா?” என்றாள் அத்தை.

மிச்சத்தை வாங்கி அவள் குடித்தாள்.