நான்காம் மாடித் திருப்பம்

1

இந்தக் கதையின் முதல் வடிவம் ஒரு புகார்க் கடிதம். லிஃப்ட் நின்று மூன்று மணி நேரமாகியும் மெக்கானிக் மேலே போகவில்லை, படிக்கட்டில் உட்கார்ந்து பொழுதைக் கழிக்கிறார் என்று கம்பெனிக்கு எழுதினேன். அதில் ஒரு பிழையும் இல்லை. [எழுத்துப்பிழையைச் சொல்கிறேன்.]

2

கதையாக எழுத உட்கார்ந்தபோது இப்படி ஆரம்பித்தேன்: 'அவர் சோம்பேறி அல்ல, அவர் ஒரு...' வேண்டாம், வக்கீல் பேசுவதுபோல் இருக்கிறது.

நடந்ததையே சொல்கிறேன். மறுமாதமும் லிஃப்ட் நின்றது. மோட்டார் இருப்பது மொட்டை மாடி அறையில். லிஃப்டைச் சரிசெய்ய வருகிறவருக்கு மட்டும் லிஃப்ட் கிடையாது. பத்தொன்பது வருடமாக ஏழு மாடியையும் விசிலடித்துக்கொண்டே ஏறியவர் [விசில் என் கற்பனை; அந்தச் சொல்லை அடித்துவிட மனம் வரவில்லை] நான்காம் மாடித் திருப்பத்தில் உட்கார்ந்திருந்தார்.

"புகார் குடுத்தது நீங்கதானே சார்?"

"ஆமா."

"பாக்கறவங்களுக்கு அப்படித்தான் தெரியும். வைரஸ் காய்ச்சல், அஞ்சு நாள்ல விட்டுடுச்சு. எட்டு மாசமா இந்த அசதி மட்டும் விடல. நாலு படி ஏறினா நெஞ்சு படபடங்குது. இன்னிக்கு ஏறினா நாளைக்கு எழுந்திருக்க முடியல. ஒருநாள் ஸ்பானர கையில வெச்சுக்கிட்டு அதோட பேரத் தேடிட்டிருந்தேன்."

"டாக்டர்கிட்ட..."

"ரத்தம், எக்ஸ்ரே, எல்லாம் நல்லாத்தான் இருக்கு. அதான் வம்பே. ரிப்போர்ட்டப் பாத்துட்டு வீட்டுக்காரியே, 'வேலைக்குப் போக மனசில்லன்னு சொல்லுங்க'ன்னுட்டா."

3

[இங்கே ஒரு மருத்துவ விளக்கம் எழுதியிருந்தேன்: 'கிருமி போன பிறகும் உடம்பு...' அவர் சொன்னதே போதும்.]

"மூணாவதா பாத்த டாக்டரம்மா, 'இது கற்பனை இல்ல, நிறைய பேருக்கு வருது. களைச்சுப் போறதுக்கு முன்னாடியே உக்காந்துடுங்க'ன்னாங்க. வீட்டுக்காரியும் பக்கத்துல இருந்தா. பஸ் வந்ததும் முதல்ல ஏறி எடம் புடிச்சா. அப்புறம் ஜன்னல் சீட்ட எனக்கு விட்டுட்டா."

4

முடிவு ஒன்று: குணமாகி ஓடி ஏறுகிறார். எழுதிவிட்டு அடித்தேன்.

முடிவு இரண்டு: புகாரைத் திரும்பப் பெறுகிறேன். பெற்றேன்தான். ஆனால் "உடம்பு சரியில்லன்னு மட்டும் எழுதிடாதீங்க, வேலைக்கே உலை வெச்சுடுவாங்க" என்று அவர் கேட்டுக்கொண்டதால் காரணம் எழுதவில்லை. காரணமில்லாத கடிதத்துக்குப் பதிலும் வரவில்லை.

நாங்கள் பேசிய அன்றைக்கு அவர் உட்கார்ந்து உட்கார்ந்து மேலே ஏறிச் சரிசெய்த பிறகு லிஃப்ட் ஓடியது. இருவரும் அதிலேயே இறங்கினோம்.

"எப்ப சரியாகும்னாங்க?"

"நிறைய பேருக்கு மெதுவா சரியாயிடுமாம். தேதி மட்டும் சொல்ல மாட்டேங்கறாங்க."

இன்னும் ஒரு கட்டிடம் பாக்கியிருக்கிறது என்று சொல்லிவிட்டு நடந்தார். அது எத்தனை மாடி என்று நான் கேட்கவில்லை. எனக்கும் களைப்பாக இருந்தது. அவரைப் பார்த்தால் நீங்களாவது கேளுங்கள்.