பனியாறு இறக்கிவிட்ட இடம்

அண்டார்க்டிகாவில் எங்கள் பல்கேரிய முகாமுக்கு மேலே தங்ரா மலைத்தொடர் நிற்கிறது. அதில் ஒரு கணவாயை அளந்துவிட்டு இறங்கும்போது நானும் நில அளவையாளன் டோப்ரினும் மூடுபனியில் சிக்கினோம். நாங்கள் நின்ற பனியாறு முழுக்கப் பிளவுகள். அடுத்த அடி எங்கே விழும் என்று தெரியவில்லை. அங்கேயே கூடாரம் போட்டோம்.

"அண்ணே, உயிரோட போய்ச் சேருவோமா?" என்றான் டோப்ரின்.

"பனியாறு கீழ்நோக்கித்தானே போகுது? படு, அதுவே கொண்டுபோய் விட்டுரும்."

"அது வருஷத்துக்கு நாலு முழம்தான் நகரும்!"

"உன் எடைக்கு வேகமாவே போகும்."

அவன் சிரிக்கவில்லை. சில நாளில் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தீர்ந்தபின் எங்கிருந்தோ பீன்ஸ் சூப் வாசனை வந்தது. பசியில் புத்தி பேதலித்துவிட்டது என்று டோப்ரின் அழவே ஆரம்பித்தான். அப்போது மூடுபனி விலகியது. எதிரே எங்கள் முகாமின் சமையலறை.

சமையல்காரி ரய்னா கரண்டியோடு வந்தாள். "ஏன்யா, முகாமே மலையில உங்களத் தேடுது, நீங்க கொல்லைப்புறத்துல தூங்குறீங்களா?"

டோப்ரின் அவளைக் கட்டிக்கொண்டு சிரித்தான். கூடாரம் போடும் முன்பே மூடுபனியில் தெரியாமல் முகாம்வரை இறங்கிவிட்டோம் என்று இன்றும் சாதிக்கிறான். நானோ அன்று சூப் குடித்ததும் வெளியே போய், பனியாற்றுக்கு நன்றியாக எங்கள் ஊர்ப் பழச்சாராயமான ராக்கியா ஒரு கோப்பை ஊற்றிவிட்டு வந்தேன்.